கொட்டகை நகர்க் கொடிமேடை

உட்காருங்கள் வக்கீலம்மா. இந்தப் பக்கம் நிழல் விழும். குடை பெரியது, இரண்டு பேருக்குப் போதும். குடையில் இங்கே வீடு கட்டி விற்கிற கம்பெனியின் பெயர் போட்டிருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? அவர்களாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் கேட்கவில்லை. நான் எவரிடமும் எதையும் கேட்டு வாங்கியவன் இல்லை. இதை உங்கள் அறிக்கையில் முதல் வரியாக எழுதிக்கொண்டாலும் சரி.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நீதிமன்றம் உங்களைக் கமிஷனராகப் போட்டு அனுப்பியிருக்கிறது. இந்தக் கொடிமேடைக்குள் பழைய எல்லைக்கல் இருக்கிறதா என்று உடைத்துப் பார்க்க வேண்டும். மேடை சங்கத்தின் சொத்து. ஆகவே சங்கம் ஆட்சேபிக்காவிட்டால் உடைக்கலாம் என்று உத்தரவில் இருக்கிறது. சங்கம் என்றால் நான். பொதுச் செயலாளர் வையாபுரி. ஆட்சேபிக்கிறேன். முடிந்துவிட்டது. ஆனால் இதை மட்டும் எழுதிக்கொண்டு போனால் நாளைக்கு நீதிபதி, கிழவனுக்குப் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வார். காரணம் பதிவாக வேண்டும். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

அதோ தூணோரமாக நிற்கிறாளே, அவள்தான் இந்த வழக்கின் வாதி மரியதங்கம். என் பக்கம் திரும்ப மாட்டாள். பல வருடமாக அப்படித்தான். நிற்கட்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கவில்லை. துண்டறிக்கையில் படித்தவன். கலவை சுமந்த காலத்தில், மதியச் சோற்றுக்கு உட்காரும்போது யாராவது ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் அதில் ஊறுகாய் மடிப்பார்கள். நான் ஊறுகாயை வழித்துவிட்டுப் படிப்பேன். அதனால்தான் என் பேச்சும் அச்சடித்த மாதிரி இருக்கிறது என்பார்கள். இருக்கட்டுமே. வலது தோளைப் பாருங்கள். கையை இதற்கு மேல் தூக்க முடியாது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் வாங்கிய அடி. கூட்டத்தில் இடது கையைத்தான் தூக்குவேன். எனக்கு அதுதான் பொருத்தமும்.

இந்த இடத்துக்கு ஏன் கொட்டகை நகர் என்று பெயர் என்று கேட்க மாட்டீர்கள். இப்போது கம்பெனிக்காரன் வாசலில் ஏதோ 'கார்டன்' என்று எழுதியிருக்கிறான். நாங்கள் வந்தபோது தோட்டமும் இல்லை, நகரும் இல்லை. அந்தப் பக்கம் தொழிற்சாலை கட்டினார்கள். ஒரு காண்டிராக்டர் எங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, இந்தக் கரட்டில் தகரக் கொட்டகை போட்டுக் குடிவைத்தான். வேலை முடிந்ததும் கொட்டகையைப் பிரித்து, ஆட்களைத் திருப்பி அனுப்பி, நிலத்தை இருந்தபடி ஒப்படைக்க வேண்டும் என்பது தொழிற்சாலையோடு அவன் போட்ட ஒப்பந்தம். கடைசி பில் கைக்கு வந்ததும் அவன் கிளம்பிவிட்டான். கொட்டகை நின்றது. நாங்களும் நின்றோம். நாங்கள் கட்டிய தொழிற்சாலையே எங்களைக் காலி பண்ணச் சொல்லி வழக்குப் போட்டது. அது ஒப்பந்தத்தில் இருந்ததாம். அந்த ஒப்பந்தத்தில் எங்களில் ஒருவன் பெயரும் இல்லை, ஆனால் எங்களைத் தூக்கிப் போடும் இடம் மட்டும் இருந்தது. முதல் துண்டறிக்கை அதைப் பற்றித்தான் எழுதினேன்.

போராடினோம். விரிவாகச் சொல்ல மாட்டேன், சொன்னால் பெருமை பேசுகிறான் என்பீர்கள். உண்ணாவிரதம் இருந்தோம், சிறைக்குப் போனோம், பெண்கள் சட்டியோடு சாலையில் உட்கார்ந்தார்கள். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. நிலம் எங்களுக்கு. தொழிலாளர் சங்கத்துக்கு நிலம் ஒப்படை என்று உத்தரவு வந்தது. அன்றைக்கு என்னைத் தோளில் தூக்கினார்கள். தூக்கியவர்களில் ஒருவன் அருளப்பன், இந்த மரியதங்கத்தின் கணவன். கொத்தனார். அவன் பூசினால் சுவரில் எறும்பு ஏறாது என்பார்கள். நல்ல தொழிலாளி. அரசியல்தான் தெரியாது.

உத்தரவுக்குப் பின்னால்தான் சூழ்ச்சி வந்தது. தாலுகா ஆபீஸிலிருந்து சர்வேயர் வந்தார். சங்கிலி, கல், ஆட்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அளந்து, மூலைக்கு மூலை கருங்கல் நட்டு, கல்லில் எண் கொத்திவிட்டார். இனி அவரவருக்குத் தனிப் பட்டா வரும் என்றார். ஆமாம் வக்கீலம்மா, அளந்தார்கள், நட்டார்கள். அதை நான் மறைக்கவில்லை. நீங்கள் கேட்டால் சொல்வேன். கேட்கிற முறையில் கேட்க வேண்டும்.

அன்று மாலை தெருவில் போகிறேன். ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் கல்லின் பக்கத்தில் நிற்கிறான். ஒருத்தி கல்லுக்கு மஞ்சள் பூசியிருக்கிறாள். அருளப்பன் தன் மூலைக்கல்லின் மேல் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்கிறான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்த ஒரே கல்தான்.

"என்னடா இது, கல்லறையா?" என்றேன்.

"இல்ல தோழரே, வூடு. இதுல இருந்து இதுவரைக்கும் நம்ம வூடு. எங்கப்பன் பாட்டன் யாருக்கும் இப்படி ஒரு கல்லு இருந்ததில்ல" என்றான்.

அவன் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. நேற்றுவரை ஒரே கொட்டகையில் ஒரே உலையில் சோறு பொங்கியவர்கள், ஒரு சர்வேயர் வந்து சங்கிலி இழுத்ததும் இது உன்னுடையது, இது என்னுடையது என்று வேலி தேடுகிறார்கள். ஒன்றாக வாங்கிய நிலத்தைத் துண்டு போட்டுக் கொடுத்தால் ஒவ்வொரு துண்டாக விலைக்கு வாங்கிவிடலாம். ஆள்பவனின் தந்திரம் இது. துண்டறிக்கையில் அப்படியே எழுதினேன்: இந்த நிலம் துண்டு போடப்படவில்லை, துண்டு போடப்படாது, இது ஒரே நிலம், ஒரே உடைமை. அச்சகத்தில் கம்போசிட்டர் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று கைகொடுத்தார்.

கூட்டம் போட்டோம். கல்லைப் பிடுங்குவது என்று தீர்மானம் கொண்டுவந்தேன். அருளப்பன் மட்டும் எழுந்தான். மேடை ஏறிப் பேசத் தெரியாதவன். துண்டைத் தோளில் போடுவதா கையில் பிடிப்பதா என்றுகூடத் தெரியாமல் நின்றான்.

"தோழரே, ஒண்ணு கேக்குறேன். தனித்தனியா இருந்தா நம்ம நெலத்த வாங்க வர்றவன் ஒவ்வொரு வாசல்லயும் வந்து கையெழுத்துக் கேக்கணும். ஒரே நெலம்னா ஒரே கையெழுத்துல போயிடுமே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அந்தக் கையெழுத்துப் போடும் கை சங்கத்தின் கையடா. சங்கத்தையே சந்தேகப்படுகிறாயா?" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வர்க்க உணர்வு இல்லாதவன் எப்படி யோசிப்பான் என்பதற்கு இதை நான் பின்னால் பல கூட்டங்களில் உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன்.

கை தூக்கச் சொன்னேன். தீர்மானம் நிறைவேறியது. எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு வக்கீலம்மா. வேறு எந்தச் சங்கத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை, அதை ஏற்படுத்தியவன் நான். தீர்மானத்தில் தோற்றவன்தான் முதலில் கை வைக்க வேண்டும். வேலைநிறுத்தம் வேண்டாம் என்றவன் முதலில் வெளியே வர வேண்டும். கொடி வேண்டாம் என்றவன் கம்பத்தைத் தூக்க வேண்டும். அப்போதுதான் சங்கம் உடையாது. அதனால் அருளப்பன் கடப்பாரையை வாங்கினான். தன் மெழுகு சொட்டியிருந்த கல்லைத் தானே பிடுங்கினான். பிறகு எல்லோரும் அவரவர் கல்லைப் பிடுங்கினார்கள். பாட்டுப் பாடிக்கொண்டுதான் பிடுங்கினோம்.

பிடுங்கிய கல்லை என்ன செய்வது? அதுதான் இந்த மேடை. அடியில் முழுவதும் அந்தக் கற்கள்தான். வீட்டுக்கு ஒரு சட்டி கலவை என்று கொண்டுவந்தார்கள். நான் ஒரு பக்கம் கரண்டி பிடித்தேன், செயலாளரும் உழைத்தார் என்று இருக்க வேண்டும் அல்லவா. மற்ற மூன்று பக்கமும் அருளப்பன் பூசினான். மே தினத்தன்று கொடி ஏற்றினோம். நீங்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தாலுகா ஆபீஸில் என்ன ஆயிற்று என்றால், பொதுமக்கள் எதிர்ப்பால் உட்பிரிவுப் பணி நிறுத்தப்பட்டது என்று கோப்பை மூடிவிட்டார்கள். அளந்த படம் எங்கே என்று இன்று கேட்டால், வெள்ளத்தில் போய்விட்டது என்கிறார்கள். எந்த வெள்ளம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அதில் அக்கறை இல்லை.

கொஞ்ச காலம் கழித்து அருளப்பன் தனியாகத் தாசில்தாரைப் பார்க்கப் போனதாகத் தெரிந்தது. எனக்கு மட்டுமாவது பட்டா கொடுங்கள் என்று கேட்டானாம். அதைச் சும்மா விட முடியுமா? ஒரு துண்டறிக்கை போட்டேன். பெயர் போடவில்லை. 'கரண்டி பிடித்த கருங்காலி' என்று தலைப்பு. இங்கே கொத்தனார்கள் பல பேர் இருந்தார்கள், யாரையும் குறிப்பிடவில்லை. அதற்குப் பிறகு டீக்கடையில் அவன் பக்கத்தில் ஒருவரும் உட்காருவதில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வேன்? உட்காராதே என்று நான் எழுதவில்லை. அவன் மகளுக்கு மாப்பிள்ளை பேசி வந்தவர்கள் நோட்டீஸைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்று மரியதங்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். படித்த மனிதர்கள், அவர்களாக முடிவெடுத்திருப்பார்கள்.

இப்போது கம்பெனி போட்ட ஒப்பந்தத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

நான் சிவகாசிப் பக்கம் ஒரு வேலைநிறுத்தத்துக்குப் போயிருந்தேன். அப்போது சங்கத் தலைவர் தண்டபாணி. நான்தான் அவரைத் தலைவராக்கினேன், மேடையில் வாய் திறக்காத ஆள் வேண்டும் என்பதற்காக. இந்தக் கம்பெனி அவரிடம் வந்தது. நிலம் உங்களுடையது, கட்டடம் எங்களுடையது, ஆளுக்கு ஒரு வீடு, மீதியை நாங்கள் விற்றுக்கொள்கிறோம் என்றது. கூட்டு முயற்சி ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். கூடவே கட்டுவதற்கும் விற்பதற்கும் ஒரு பவர் பத்திரம். கூட்டு, முயற்சி, எல்லாம் நம்முடைய சொற்கள். தண்டபாணி போட்டது ஒரே கையெழுத்து. ஒரே நிலம் அல்லவா.

நான் திரும்பி வரும்போது பாதித் தெரு காலி. சாமான் ஏற்றிக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வீடு கட்டி முடித்ததும் கூப்பிடுவார்கள் தோழர் என்றார்கள். ஒப்பந்தத்தை வாங்கி முழுவதும் படித்தேன். உறுப்பினர்களின் வீடுகள் இரண்டாம் கட்டத்தில் என்று இருந்தது. இரண்டாம் கட்டம் எப்போது என்று எங்கும் இல்லை. தெரு முனையில் நின்று சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன். கேட்பதற்குச் செபமாலை விற்கிறவர் ஒருவர் நின்றார்.

கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். கோபம் வர வேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரிந்தது. வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நாக்கால் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி. இருக்கிறது, தெரியவில்லை. தண்டபாணியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். தலைப்பு மட்டும் எழுதினேன். அதுவும் பழைய தலைப்பு.

முதல் கட்டம் முடிந்து வெளியாட்கள் குடிவந்துவிட்டார்கள். இரண்டாம் கட்டத்துக்கு இந்தத் தூண்களோடு சரி. அருளப்பன் கடைசியில் இந்தக் கம்பெனிக்கே கூலிக்குப் பூச வந்தான். என்னைப் பார்த்தால் தலையாட்டுவான். மரியதங்கம் நிற்கிறாளே, அந்தத் தூண் இருக்கிற இடம்தான் அவர்கள் வீடு. அதற்கு அந்தப் பக்கம் என் வீடு. அடித்தளம் தோண்டியதில் எல்லாம் கலந்துவிட்டது. அவன் மார்புச் சளியில் போனான். சாவுக்குப் போனேன், வாசலில் நின்றேன். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நின்றுவிட்டு வந்தேன். நான் இப்போது எங்கே இருக்கிறேன் என்று கேட்கிறீர்களா? அதோ வாட்ச்மேன் கொட்டகைக்குப் பக்கத்தில் இன்னொரு கொட்டகை தெரிகிறதே. கம்பெனி போட்டுக் கொடுத்தது. தகரம் புதிது.

மரியதங்கம் கம்பெனி நீட்டிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. வழக்குப் போட்டாள். எங்கள் பங்கு அளந்து கல் நட்டுக் கொடுத்தது, அதை விற்கத் தண்டபாணிக்கு உரிமை இல்லை என்கிறாள். அளக்கவே இல்லை, ஒரே நிலம்தான் என்கிறது கம்பெனி. அதற்குக் கம்பெனி வக்கீல் என்ன ஆதாரம் கொடுத்திருக்கிறார் தெரியுமா? என் துண்டறிக்கையை! இந்த நிலம் துண்டு போடப்படவில்லை, அந்த வரியைச் சிவப்பில் கோடு போட்டு நீதிபதியிடம் நீட்டியிருக்கிறார். அதற்குச் சான்றாவண எண் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை துண்டறிக்கை எழுதியிருப்பேன், இதுவரை போலீஸ்தான் பத்திரப்படுத்தியது. நீதிமன்றம் ஏற்றது இதுதான் முதல் முறை. அது என்ன எண் என்று உங்களுக்குத் தெரியுமா? பரவாயில்லை, பிறகு பார்த்துச் சொல்லுங்கள்.

மேடையைப் பற்றியும் கம்பெனிக்கு இப்போது ஞானம் வந்திருக்கிறது. போன வருடம் இதை இடித்துவிட்டு வண்டி நிறுத்தும் இடம் போடுவதாக இருந்தார்கள். இப்போது பாருங்கள், சுற்றிச் சங்கிலி போட்டு வெள்ளையடித்திருக்கிறார்கள். அந்த இன்ஜினியர் தம்பி பிரசன்னா காலையும் மாலையும் டீ கொண்டுவந்து கொடுக்கிறார். "ஐயா, இது உங்க வரலாறு, யாரையும் தொட விடாதீங்க" என்கிறார். முதலாளித்துவக் கம்பெனியில் இருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்கிறது. என் ஆட்களுக்குப் புரியவில்லை.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? அப்படிப் பார்க்காதீர்கள்.

என்ன? நான் உடைக்க ஒப்புக்கொண்டால் கல்லில் எண் தெரியும், எண் தெரிந்தால் அளந்தது உண்மையாகும், அவளுக்குப் பங்கு வரும். அதுதானே? எனக்கும் வரும் என்கிறீர்கள். எனக்கு வேண்டாம். இருப்பது இந்த மேடை ஒன்றுதான். சங்கம் போனது, ஆட்கள் போனார்கள், கொடிகூடப் போன ஐப்பசிக் காற்றில் போனது. மேடையையும் நானே உடைத்துவிட்டு எங்கே உட்காருவேன்?

என்ன மரியதங்கம், வருகிறாய்? பாருங்கள் வக்கீலம்மா, இத்தனை வருடத்தில் இப்போதுதான் இந்தச் சங்கிலிக்குள் காலை வைக்கிறாள்.

"கூட்டம் போடுங்க."

என்ன?

"கூட்டம் போடுங்கன்னேன். நானும் மெம்பருதான். சாலையில ஒக்காந்து அடி வாங்குனவதான். உங்களுக்குத் தோணுனத சங்கத்து முடிவுன்னு அந்தப் புள்ளைகிட்ட எழுத வைக்கிறீங்க. கூட்டம் போட்டா முடிவு பண்ணுனீங்க? அவுக இருக்கையில கூட்டம் போட்டீங்கல்ல, கை தூக்கச் சொன்னீங்கல்ல? இப்பவும் போடுங்க."

அவள் சொல்வது விதிப்படி சரி. கேட்டால் கூட்டம் போட்டாக வேண்டும். மற்றவர்கள் செத்தார்கள், அல்லது வீடு வரும் என்று கம்பெனி கொடுத்த ரசீதுக்காகச் சங்கத்துக்கு விலகல் கடிதம் கொடுத்தார்கள். மிச்சம் இரண்டு பேர். ஆஜரானவர்கள் போதும், அதற்கும் விதி இருக்கிறது. நீங்கள் பார்வையாளர், பேசக் கூடாது.

சரி. தீர்மானம்: சங்கத்தின் கொடிமேடையை உடைத்து உள்ளே இருப்பதைக் கமிஷனர் பார்வையிட அனுமதிப்பது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்.

ஒன்று.

கையை இறக்கலாம் மரியதங்கம், எண்ணிவிட்டேன்.

எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்.

யாரது? பிரசன்னா தம்பியா? நீங்கள் எதற்குக் கை தூக்குகிறீர்கள்?

"நான் உங்க பக்கம்தான் ஐயா! தூக்குங்க, நீங்களும் தூக்குங்க. ஒடைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

உறுப்பினர் அல்லாதவர் கையை இறக்கவும்.

இறக்குங்கள் தம்பி.

எழுதிக்கொள்ளுங்கள் வக்கீலம்மா. ஆதரவு ஒன்று. எதிர்ப்பு இல்லை. என்னைப் பார்க்காதீர்கள், எனக்குத் தோள் சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். ஆமாம், வலது தோள்தான். இடது கை தூக்கும். தூக்கவில்லை. செயலாளர் வாக்களிக்கவில்லை என்று போடுங்கள். தீர்மானம் நிறைவேறியது.

தம்பி, இந்தக் குடையை வாங்கிக்கொள்ளுங்கள். கடப்பாரைக்கு இரண்டு கையும் வேண்டும்.

இல்லை வக்கீலம்மா, உடைக்க நீங்கள் கூட்டிவந்த ஆள் வேண்டாம், கடப்பாரையை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். விதி தெரியாதா? முதலில் நான்தான் கை வைக்க வேண்டும். மரியதங்கம், கொஞ்சம் தள்ளி நில், சில்லு தெறிக்கும். அந்தப் பக்கம் வேண்டாம் வக்கீலம்மா, அது அருளப்பன் பூசியது, நாள் முழுக்க அடித்தாலும் உடையாது. இப்படி வாருங்கள். இது நான் பூசிய பக்கம்.